திருப்பி அனுப்பியவர்களை யார் எண்ணுவது

குழந்தை இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருமுறை என்னை நம்பி ஒப்படைத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய அட்டை ஒன்று வாங்கினேன். கலர் பேனாவால் கட்டம் போட்டேன். சென்னையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் இருந்த டெஸ்ட் ட்யூப் பேபி ஆஸ்பத்திரிகளை வரிசையாக எழுதி, அவரவர் வெளியிட்டிருந்த வெற்றி விகிதத்தைப் பக்கத்தில் எழுதி, பெரிய எண்ணுக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புகிற ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது நட்சத்திரம். விளம்பரத் தாளில் குழந்தைப் படங்கள் அதிகமாக இருந்த ஆஸ்பத்திரிக்கு மூன்றாவது. அத்தனையும் வெள்ளைக்காரக் குழந்தைகள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. கடைசியில் அட்டைக்கு லேமினேஷன் வேறு செய்தேன். முட்டாள்தனம் தண்ணீர் பட்டு அழிந்துவிடக் கூடாதே.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. டிக்கெட்டும் விசாவும் பார்க்கிற நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், பீஜியிலிருந்து வைத்தியத்துக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு பக்கம் தயாரிக்கிறீர்களாம். ஐ.வி.எஃப் செய்கிற ஆஸ்பத்திரிகளை வெற்றி விகிதப்படி வரிசைப்படுத்தி கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறீர்களாம். லேமினேஷன் ஒன்றுதான் பாக்கி. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு ஹிந்தியில் சொல்லிவிடுங்கள். என் மடத்தனம் எந்த மொழியிலும் ஒரே அளவுதான்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஆபீஸ் சுவரில் மூன்று வரிசைப் பலகை இருக்கிறதே, விசா வேண்டி வந்தவர்கள், நாம் விண்ணப்பம் போட்டவர்கள், விசா கிடைத்தவர்கள் என்று, அதில் முதல் வரிசையை எடுத்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிரிஸ்பேனில் சௌக்கியமாக இருக்கிறார், இருக்கட்டும். நம் பார்லிமென்ட்டில் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்தார்களே, அந்தக் கூ நடந்த சமயம். பேப்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் கூ, அவ்வளவுதான். அதற்கு முந்தைய கூக்களில் நாட்டை விட்டுப் போகாமல் மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் இந்த முறை பெட்டி கட்டினார்கள். வாத்தியார்கள், நர்சுகள், டாக்டர்கள், குத்தகை முடிந்து கரும்பு நிலத்தை விட்டவர்கள் என்று நவுசோரி மார்க்கெட் எதிரில் துணிக்கடை மாடியில் இருந்த எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் கூட்டம் நிற்கும். கீழே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதைப் பார்த்து, ஏதோ தள்ளுபடி விற்பனை என்று நினைத்து மேலே ஏறி வந்ததும் உண்டு.

முதலாளிக்கு ஒரு முறை இருந்தது. ஆள் படியேறும்போதே எடை போட்டுவிடுவார். வயது, படிப்பு, கையில் இருக்கும் சர்டிபிகேட், போகிற நாட்டில் இருக்கும் சொந்தக்காரன். விசா நிச்சயம் என்று பட்டால் நாற்காலி போடுவார், டீ வரும். சந்தேகம் என்றால் கவுண்டரில் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிடுவார். ஒருநாள், வயதான ஒருவர் நிற்கிறாரே என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டேன். அவர் போன பிறகு எனக்கு அர்ச்சனை நடந்தது.

"நாற்காலி போட்டா ஃபைல் தொறந்த மாதிரிடா. உக்காந்துட்டான்னா அவன் நம்ம ஆளு. நம்ம ஆளு தோத்தா நாம தோத்த மாதிரி. எப்பவும் வாசல்லயே ஜெயிச்சுடணும், புரியுதா?"

அந்தக் காலத்தில் சுவரில் ஒரு வரிப் பலகைதான். 'எங்கள் மூலம் விண்ணப்பித்தவர்களில் மறுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை.' அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அழகே அதுதான். பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம், உண்மையைப் பார்த்துப் பொறுக்கி எழுதினால் யார் பிடிப்பார்கள்?

நிற்க வைத்து அனுப்புகிறவர்களிடம் சொல்ல ஒரு வசனமும் வைத்திருந்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க கேஸுக்கு இப்ப நேரம் சரியில்ல. வேற எங்கயாச்சும் கேட்டுப் பாருங்க." கூட்டம் அதிகமான நாட்களில் கவுண்டரில் நின்று அதை நானும் சொல்வேன். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். கடைசியில் முதலாளி தனக்கே நாற்காலி போட்டுக்கொண்டார். விசா வந்தது, போய்விட்டார். ஆபீசையும் பலகையையும் வசனத்தையும் என்னிடம் விட்டுப் போனார். மூன்றையும் நான் தூசு படாமல் காப்பாற்றினேன்.

அப்படி இருந்தபோதுதான் ரோஹிணி டீச்சரும் அவள் புருஷன் ஆறுமுகமும் வந்தார்கள். ராக்கிராக்கி பக்கம் இருக்கும் நம் பினாங்கிலிருந்து, மலேசியாப் பினாங்கு இல்லை, காலை பஸ் பிடித்து, தலையில் ரோட்டுத் தூசியோடு வந்திருந்தார்கள். அவன் அங்கே சர்க்கரை மில்லில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், கோயில் வகுப்பில் தமிழும் சொல்லிக் கொடுப்பாள். சென்னைக்குப் போய்வர இரண்டு டிக்கெட் என்றதும் நான் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஆறுமுகம் உட்கார்ந்துவிட்டான். அவள் நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். டீச்சர் அல்லவா, பையன்கள் ஏதாவது தடவி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"டிக்கெட்டு அப்புறம் பய்யா. மொதல்ல எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க," என்றாள். பய்யா என்றால் அண்ணன். எங்கள் தமிழில் அது எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

"ஆஸ்பத்திரியா? நான் டிக்கெட் விக்கிறவன், டீச்சர்."

"எனக்குப் பாத்துட்டிருந்த சூவா டாக்டர் ஆக்லாந்து போய்ட்டாரு. அவருக்கு முந்தி பாத்த லௌதோக்கா டாக்டரம்மா கனடா போய்ட்டாங்க. எல்லாரையும் நீங்கதான ஏத்தி அனுப்புனீங்க? இப்ப நான் யாரப் போய்க் கேக்கறது?"

ஆறுமுகம் பயந்துபோய், "அவ அப்படித்தான் பேசுவா பய்யா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான்.

"உள்ளதத்தான சொன்னேன்," என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "எனக்கு முப்பத்தொம்போது முடியுது. ஒரு தடவைக்குத்தான் எங்களால ஆகும். மில்லு அரைக்காத மாசத்துல இவருக்கு லீவு, எனக்குச் சம்பளமில்லாத லீவு எழுதிக் குடுத்திருக்கு. இந்த ஒரு தடவ விட்டா இல்ல. எங்க போனா ஜெயிக்கும்னு பாத்துச் சொல்லுங்க. ஆள் ஜெயிக்குமான்னு பாக்கறதுல உங்கள மாதிரி யாரும் இல்லன்னு பஸ்ஸுல சொல்றாங்க."

சுவரில் இருந்த பலகையை அவள் ஒருமுறை பார்த்தாள். நானும் பெருமையாகப் பார்த்தேன். அப்படிப் பிறந்ததுதான் அந்த அட்டை. மூன்று நட்சத்திரம் வாங்கிய ஆஸ்பத்திரிக்கு அவர்களை அனுப்பினேன். மற்ற எல்லா ஆஸ்பத்திரிகளையும் விட அதன் எண் பெரியது. அது ஏன் அவ்வளவு பெரியது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கவனியுங்கள், அந்த ஆபீசில் அந்தப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து தினம் வேலை பார்த்தவன் நான். எனக்கே தோன்றவில்லை.

சென்னையில் இறங்கியதும் அவர்கள் தமிழைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண், "எந்த ஊர்க்காரங்க நீங்க?" என்றாளாம். ஆறுமுகம் பீஜி என்றிருக்கிறான். "அது எந்த மாவட்டம்?" என்றாளாம். இதை அவன் சந்தோஷமாக போனில் சொன்னான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ரொம்ப மரியாதை, ஜில்லென்று ஏ.சி. நான் அட்டையை எடுத்து நான்காவது நட்சத்திரம் போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அடுத்த போன் மார்க்கெட் மூடுகிற சமயத்தில் வந்தது. ஆறுமுகத்தின் குரல் செத்துப்போயிருந்தது.

"பய்யா, டிக்கெட்ட மாத்திக் குடுங்க. வந்துடறோம்."

"என்ன ஆச்சு?"

"இவளுக்கு முட்டை கம்மியாம். அவங்க ப்ரோக்ராமுக்கு ஒத்து வராதாம். வேணாம்னுட்டாங்க."

போனை யாரோ பிடுங்கும் சத்தம் கேட்டது. ரோஹிணி. "நான் வரல பய்யா. டிக்கெட்ட மாத்தாதீங்க. எனக்கு அடுத்த மாசவிலக்கு இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடும், வைத்தியம் ஆரம்பிச்சா அப்பத்தான் ஆரம்பிக்கணுமாம். அதுக்குள்ள வேற எடம் பாத்துச் சொல்லுங்க. நீங்கதான இங்க அனுப்புனீங்க?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. நல்லவன் போல உடனே அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவர்களை இப்படித் திருப்பி அனுப்பலாமா என்று ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். எடுத்த பெண் தேன் மாதிரிப் பேசினாள்.

"சார், அவங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். அவங்க கேஸுக்கு இப்போ இது சரியா வராது. வேற எங்கயாவது முயற்சி பண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

இது என் வசனம். பிரிஸ்பேன் முதலாளியிடம் நான் வாங்கி வைத்திருக்கும் வசனம். இவளுக்கு எப்படிக் கிடைத்தது? அந்தக் கணத்தில் அந்தப் பெரிய எண் எப்படிப் பெரியதானது என்று முழுதாக விளங்கிவிட்டது. அவர்களும் வாசலிலேயே ஜெயிக்கிறவர்கள். இளம் வயது, நிறைய முட்டை, லேசான பிரச்சனை, இப்படிப்பட்டவர்களுக்கு நாற்காலி. மற்றவர்களுக்கு ஏ.சி.யும் மரியாதையும்.

தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்பதுபோலக் கேட்டேன். "அம்மா, போன வருஷம் எத்தனை பேர உங்க வாசல்லேர்ந்து இப்படி அனுப்புனீங்க?"

"அந்தக் கணக்கெல்லாம் நாங்க வெச்சுக்கறதில்ல சார்."

நாங்களும் வைத்துக்கொண்டதில்லை.

பிள்ளைகளா, இந்த இடத்தில்தான் புத்தி வேலை செய்ய வேண்டும். அங்கே ஒரு பெண் ஒரு லாட்ஜ் அறையில் காத்திருக்கிறாள். நாட்கள் ஓடுகின்றன. நமக்கு அவசரம். அவசரத்தில் மனிதன் என்ன செய்வான்? ஒரு எண்ணை நம்பி ஏமாந்தவன் அதற்கு நேர் எதிரான எண்ணை நம்பப் போவான். நானும் அப்படித்தான் அட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கீழே இருந்து கூப்பிட ஆரம்பித்தேன். எண் சின்னதாக இருந்தால் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு கொள்கை. எண் சின்னதாக இருப்பதற்கு, வேலை தெரியாமல் இருப்பது என்கிற எளிய காரணமும் உண்டு என்பது இரண்டு போனுக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது இடத்தில் ஓர் ஆள் எடுத்தான். நான் பேசி முடிக்கவே விடவில்லை. "வயசெல்லாம் ஒரு மேட்டரே இல்ல சார். அனுப்பி வைங்க. நம்மகிட்ட வந்தா சக்சஸ்தான்."

"சக்சஸ்னா எது? எதைச் சொல்றீங்க?"

"ப்ளட் டெஸ்ட் பாசிட்டிவ் வந்துடுச்சுன்னா சக்சஸ்தான சார்?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கடவுள் இருக்காரு சார்."

எனக்கு லம்பாசா விமானம் ஞாபகம் வந்தது. அடுத்த தீவுக்குப் போக நவுசோரியில் ஏறுகிற சின்ன விமானம். ஒருமுறை அதில் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, 'அனுப்பியாச்சு' என்று லம்பாசாவுக்குத் தகவலும் சொல்லிவிட்டேன். பாதி வழியில் மழை பிடித்து விமானம் திரும்பி நவுசோரியிலேயே இறங்கியது. அங்கே லம்பாசா ஊருக்குள் நசியாவில் மாலையோடு காத்திருந்தவர்கள் என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஏறியதையும் இறங்கியதையும் ஒன்றாகக் கணக்குப் போடுகிற இடத்தில் என் ஜனத்தை ஏற்ற மாட்டேன். போனை வைத்துவிட்டேன்.

ஆகவே ஆஸ்பத்திரிகளிடம் கேட்க வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன், ரொம்ப லேட்டாக. நீங்கள் ஜெயம் என்று எதை எண்ணுகிறீர்கள், டெஸ்டையா, வீட்டுக்குப் போன குழந்தையையா? எத்தனை பேருக்கு நடுவில் எண்ணுகிறீர்கள், வைத்தியம் ஆரம்பித்தவர்களா, கரு உள்ளே வைக்கிற வரை வந்தவர்கள் மட்டுமா? இந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர்? கேட்டதும் பாதி இடங்களில் குரல் மாறியது. மேனேஜர் இல்லை என்றார்கள். ஓர் இடத்தில் நான் பத்திரிகைக்காரனா என்று கேட்டார்கள்.

சென்னையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவே போனை எடுத்தார். எடுக்கும்போதே கடுகடுப்பு.

"முப்பத்தொன்பதா? ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா? மொதல்ல அத அனுப்பச் சொல்லுங்க. பாக்காம நான் எதையும் பேசறதில்ல."

அனுப்பினார்கள். மறுபடி கூப்பிட்டேன்.

"பாத்தேன். இந்த மாதிரி ரிப்போர்ட்டோட ஆரம்பிக்கறவங்கள்ல முக்காவாசிக்கு மேல வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போவாங்க. அத அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லணுமா?"

"அப்ப எடுத்துக்குவீங்களா?"

"சட்டுனு எடுத்துக்குவேன்னு நான் சொல்லல. வந்தா பாப்பேன். எடுக்கக் கூடாதுன்னு பட்டா ஏன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். வர்றவங்க எல்லாரையும் எடுக்கறவன நம்பாதீங்க. எடுக்காம விட்டவங்கள எழுதி வெச்சுக்காதவனையும் நம்பாதீங்க."

"ஒங்க நம்பர் ரொம்பக் கம்மியா இருக்கே டாக்டர்?"

"மூணு கருவ உள்ள வெச்சா என் நம்பர் ஏறும். அப்புறம் மூணும் தங்கிட்டா அந்தப் பொண்ணும் கொழந்தைங்களும்தான் ஆஸ்பத்திரில கெடக்கணும். என் நம்பருக்கு ஒண்ணும் ஆகாது. வேற என்ன கேக்கணும்?"

கேட்க நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம். வெடுக்கென்று பேசுகிறவர்கள் எல்லாம் நேர்மையானவர்கள் என்று நம்பினால், நவுசோரி பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் மகான்கள். அதனால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, வேறொரு ஆள் போல, வேறொரு பெண்ணுக்குக் கேட்பது போல, அதே வயதைச் சொல்லி அதே கேள்வியை மாற்றிக் கேட்டேன். அதே பதில் வந்தது. கடைசியில், "நீங்க முந்தாநாள் பேசின பீஜிக்காரர்தானே? இன்னும் நம்பிக்கை வரலையா?" என்றார். வரவில்லை என்று ஒத்துக்கொண்டேன். சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை.

அன்று ஆறுமுகத்திடம் முதலில் சொன்னேன். அவன் கெஞ்சினான். "முக்காவாசிப் பேருக்கு ஆகாதுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க பய்யா. நல்ல எடம்னு மட்டும் சொல்லுங்க. தைரியமா இருப்பா."

ஒரு நிமிஷம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தைரியம் கொடுப்பது நல்ல காரியம்தானே? ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பியதும் அந்த மாதிரி தைரியம்தான். அட்டையில் மூன்று நட்சத்திரத் தைரியம். எண்ணைக் காட்டி ஒருமுறை ஏமாற்றினேன், மறைத்து இன்னொருமுறை ஏமாற்ற வேண்டுமா? போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே, ஒரு சொல்கூடக் குறைக்காமல் சொன்னேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நம்பர் சின்னதா இருந்தா இருக்கட்டும் பய்யா. அதுல என்னையும் சேத்துக்குவாங்களா?"

"ஆரம்பிச்சா சேத்துக்குவாங்க. ஆகலன்னாலும் எண்ணுவாங்க."

"அப்ப போறேன்."

போனார்கள். டாக்டரம்மா மறுபடி பார்த்து, ஆரம்பித்தார். கரு உண்டானது, உள்ளே வைத்தார்கள். காத்திருக்கிற அந்த நாட்களில் ஆறுமுகம் தினம் கூப்பிடுவான். ஒன்றும் பேச மாட்டான், அங்கே வெயில் எப்படி என்று மட்டும் சொல்வான். நான் இங்கே மழை எப்படி என்று சொல்வேன். ஒருநாள் கூப்பிட்டபோது அவன் வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. கரு தங்கவில்லை. டாக்டரம்மா தன் அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏன் தங்கியிருக்காது என்று தனக்குத் தெரிந்ததையும், தெரியாதது எது என்பதையும் சொன்னாராம். இன்னொருமுறை வரச் சொல்லி வற்புறுத்தவில்லையாம்.

சரியான கேள்வி கேட்டால் சரியான இடம் கிடைக்கும், அவ்வளவுதான். குழந்தை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் உங்கள் பக்கத்தில் வந்தால் அவனிடம் லேமினேஷன் மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் பழைய ஒரு வரிப் பலகையைக் கழற்றிவிட்டேன். தேன் குரல்காரி சொன்ன வசனம் காதில் விழுந்த பிறகு அதன் அடியில் உட்கார முடியவில்லை. ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் தோண்டி எடுத்து, வந்தவர்கள், விண்ணப்பித்தவர்கள், கிடைத்தவர்கள் என்று மூன்று வரிசையில் புதுப் பலகை எழுதி மாட்டினேன். எழுதும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. அதுதான் அபாயமான கட்டம்.

ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் படியேறி வந்தார்கள். ஆறுமுகம் இளைத்திருந்தான். ரோஹிணி கையில் சென்னை மிக்சர் பொட்டலம். நான் வழக்கம்போல அதிகமாகப் பேச ஆரம்பித்தேன். அந்த முதல் ஆஸ்பத்திரிக்காரர்களின் சூட்சுமத்தை நான் எப்படிப் பிடித்தேன் தெரியுமா, ஒரே ஒரு வசனத்தில் பிடித்தேன், எவ்வளவு பெரிய எண் காட்டினாலும் இனிமேல் என்னிடம் நடக்காது, புதுப் பலகையைப் பாருங்கள் என்று அளந்துகொண்டே போனேன். அவள் பலகையைப் பார்த்தாள். டீச்சர் பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தாள்.

"மொத வரிசையில எங்க ரெண்டு பேரையும் சேத்துட்டீங்களா?"

"அது விசாவுக்கு வந்தவங்க, டீச்சர். நீங்க டிக்கெட்டுக்குத்தான வந்தீங்க?"

"அது ரெண்டாவது தடவ. கூ நடந்த வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு எழுதணும்னு இதே பினாங்கு பஸ்ஸுல வந்தோம். அந்தக் கவுண்டர்ல நின்னோம். இவரு கையில பிட்டர் சர்டிபிகேட் இல்லன்னு நீங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டீங்க. எங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்னீங்க."

நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அவன் ஜன்னல் வழியாக மார்க்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவர்கள் முகம் அந்தக் கவுண்டரில் என் நினைவில் இல்லவே இல்லை.

"அப்புறம் ஏன் டீச்சர் எங்கிட்டயே வந்தீங்க?"

"ஆளப் பாத்துப் பொறுக்கறவருக்கு, ஆளப் பாத்துப் பொறுக்கற எடம் எதுன்னு தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். உங்களுக்கும் தெரியல."

மிக்சர் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். நான் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, உட்காராமல் சொன்னாள்.

"அந்த மொத ஆஸ்பத்திரிக்காரங்களாச்சும் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டுத்தான் போகச் சொன்னாங்க, பய்யா. நீங்க அன்னிக்கு எங்கள உக்காரக்கூடச் சொல்லல."